ஆட்டக்காரர் போய்விட்டார், கேரக்டர் இருக்கிறது

பாங்க்கில் ஒருவருக்கு டிரான்ஸ்பர் வந்தால் என்னென்ன செய்ய வேண்டும் என்பது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. சாவி யாருக்குப் போகிறது, கேஷ் எண்ணி ஒப்படைத்தாயிற்றா, எந்தெந்த ஃபைல் பாக்கி நிற்கிறது, எல்லாவற்றுக்கும் ஒரு தாள், அதில் இரண்டு கையெழுத்து. சார்ஜ் கொடுத்தவர், சார்ஜ் எடுத்தவர். அது முடிந்தால்தான் ஆளை விடுவார்கள்.

சீட்டாட்டத்தில் ஒருவர் எழுந்து போனால் இந்தச் சிக்கல் கிடையாது. கலைத்துப் போட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கிரிக்கெட் என்றால் பக்கத்து பிளாக்கில் இருந்து ஒரு பையனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் எழுந்து போனவர், தான் இரண்டு வருஷம் வளர்த்த ஒரு ஆளை அங்கேயே விட்டுவிட்டுப் போனால்? அந்த ஆளுக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, கூட்டாளிகளுக்குத் தர வேண்டிய கடன்கூட இருக்கிறது. அவனை யார் சார்ஜ் எடுப்பது?

கேட்க விளையாட்டுத்தனமாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் ஐம்பது வருஷ சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு அகால மரணம், ஒரு கம்பெனியின் பங்குச் சண்டை, கோர்ட் வழக்கு எல்லாம் உண்டு. கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை காபியோடு உட்கார்ந்து படிக்கவும்.

முதலில், இது என்ன விளையாட்டு?

ஊரை விட்டு வந்து புனே, பெங்களூர், குர்காவ் என்று குடியேறிய நம் குடும்பங்களில் பத்துப் பன்னிரண்டு வயதுக்கு மேல் பிள்ளை இருந்தால் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பெயர் காதில் விழுந்திருக்கும். தெரிந்தவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

ஜெயிப்பவர், தோற்பவர் என்று இதில் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதையை நடத்துபவர். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர். மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு கேரக்டர்: வாள்வீரன், மந்திரவாதி, திருடன், பூசாரி இப்படி. அந்த ஆளின் பலம், புத்தி, கையில் உள்ள சாமான் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். "குகை வாசலில் நிற்கிறீர்கள், உள்ளே ஏதோ உறுமுகிறது, என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். இவர்கள் சொல்வார்கள். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை முடிவு செய்யும். கதை ஒரு நாளில் முடியாது. வாரா வாரம் கூடி, மாதக்கணக்கில், சில இடங்களில் வருஷக்கணக்கில் ஓடும். இந்தத் தொடர்கதைக்குத்தான் 'கேம்பெய்ன்' என்று பெயர். அனுபவம் சேரச் சேர கேரக்டருக்கு லெவல் ஏறும். நம் இன்கிரிமென்ட் மாதிரிதான், வேஜ் செட்டில்மென்ட்டுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை :-)

பகடையை உருட்டுபவர் மனிதர். தாளில் இருப்பவர் கேரக்டர். மனிதருக்கு வேலை மாறும், கல்யாணம் ஆகும், ஊர் மாறும், ஒரு நாள் சாவும் வரும். தாளில் இருப்பவருக்கு இது எதுவும் தானாக வராது. யாராவது முடிவு செய்தால்தான் உண்டு. பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருவர் விலகினார், இன்னொருவர் எடுத்தார்

இந்த விளையாட்டின் பிறப்பிலேயே ஒருவர் விலகிப் போன கதை இருக்கிறது. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரட்டை நகரங்கள். அங்கே 1960களில் சில இளைஞர்கள் சின்னச் சின்ன போர்வீரர் பொம்மைகளை மேசையில் அணிவகுத்து நெப்போலியன் காலத்துப் போர்களை ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் டேவிட் வெஸ்லி என்பவர் 1969இல் ஒரு மாற்றம் செய்தார். 'பிரவுன்ஸ்டைன்' என்று ஒரு கற்பனை ஜெர்மானிய ஊர். ஆட வந்தவர்களுக்குப் படையைக் கொடுக்காமல் ஆளுக்கு ஒரு மனிதனைக் கொடுத்தார். ஒருவர் மேயர், ஒருவர் பல்கலைக்கழகத் தலைவர், ஒருவர் பாங்கர். (ஆமாம், பாங்கர். உலகத்தின் ஆரம்பகால கேரக்டர்களில் நம் ஆள் ஒருவர் இருந்திருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.)

ஆளாளுக்குத் தனியாக சதி பேச ஆரம்பித்து ஆட்டம் கையை மீறிப் போனது. வெஸ்லி இது தோல்வி என்று நினைத்தார். ஆடியவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்கள். 1970இல் வெஸ்லி ராணுவப் பணிக்குப் போய்விட்டார். நடத்தியவர் போனால் ஆட்டம் நிற்க வேண்டும், நிற்கவில்லை. நண்பர்களில் ஒருவரான டேவ் ஆர்னசன் அந்த யோசனையை எடுத்துக்கொண்டு 1971இல் 'பிளாக்மூர்' என்று ஒரு கோட்டையும், அதற்கு அடியில் சுரங்க அறைகளும், அறைகளுக்குள் ராட்சசர்களுமாக ஒரு தொடர்கதையை ஆரம்பித்தார்.

1972 கடைசியில் ஆர்னசன் பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூருக்குப் போய் கேரி கைகாக்ஸ் என்பவருக்கு இதை ஆடிக் காட்டினார். கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அண்டர்ரைட்டராக இருந்தவர். 1970இல் அந்த வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார். பிளாக்மூரைப் பார்த்ததும் அவர் தன் பங்குக்கு 'கிரேஹாக்' என்ற கோட்டையை வரைந்தார்.

அதற்குள் முதலில் இறங்கியவர்கள் அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும். எர்னியின் மந்திரவாதிக்கு டென்சர் என்று பெயர் (எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் டென்சர் வரும்). முதல் நாள் அவர்களுக்குக் கிடைத்தது 3,000 செப்புக் காசுகள் உள்ள ஒரு பெட்டி. தூக்க முடியாத கனம், மதிப்போ சொற்பம். அடுத்து வந்தவர்களில் இரண்டு பேரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கைகாக்ஸின் பால்ய நண்பர் டான் கே, அவருடைய கேரக்டர் மர்லிண்ட். இன்னொருவர் ராப் குன்ட்ஸ் என்ற இளைஞர், அவருடைய கேரக்டர் ராபிலார் என்ற வாள்வீரன்.

டான் கேயும் மர்லிண்டும்

எழுதிய விதிகளைப் புத்தகமாகப் போட யாரும் முன்வராததால் கைகாக்ஸும் கேயும் சேர்ந்து 1973 அக்டோபரில் ஒரு கூட்டுத்தொழில் ஆரம்பித்தார்கள். பெயர் 'டாக்டிகல் ஸ்டடீஸ் ரூல்ஸ்', சுருக்கமாக டி.எஸ்.ஆர். கே தன் ஆயுள் காப்பீட்டுப் பாலிசியின் பேரில் 1,000 டாலர் கடன் வாங்கிப் போட்டார். (பாலிசி லோன் எடுத்துத் தொழில் தொடங்குபவர்களை நான் கவுண்ட்டரில் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையும் பயமும் சரிபாதியாக முகத்தில் இருக்கும்.) அச்சடிக்க அது போதவில்லை. டிசம்பரில் பிரையன் ப்ளூம் என்பவர் 2,000 டாலருடன் மூன்றாவது கூட்டாளியாகச் சேர்ந்தார். 1974 ஜனவரியில் 1,000 பிரதிகள் வந்தன. பெட்டி ஒன்று 10 டாலர்.

சரியாக ஒரு வருஷம். 1975 ஜனவரி 31 அன்று டான் கே மாரடைப்பில் இறந்தார். வயது 36.

மேசையில் ஒரு நாற்காலி காலி. மர்லிண்டை என்ன செய்வது?

கேயின் நண்பர்கள் அவனைச் சாகடிக்கவில்லை. அவனை வேறொருவர் கையில் கொடுத்து ஆடச் சொல்லவும் இல்லை. கேவுக்கு கௌபாய் கதைகள் என்றால் உயிர். அப்படி ஒரு விளையாட்டை எழுத வேண்டும் என்பது அவர் எண்ணமாக இருந்தது. அதே 1975இல் ப்ளூமும் கைகாக்ஸும் 'பூட் ஹில்' என்ற கௌபாய் விளையாட்டை வெளியிட்டு அவருக்குச் சமர்ப்பணம் செய்தார்கள். பிறகு 1983இல் கைகாக்ஸ் 'டிராகன்' பத்திரிகையில் கிரேஹாக் உலகத்தின் தேவர்களைப் பற்றி எழுதியபோது மர்லிண்டுக்கும் ஒரு இடம் கொடுத்தார். முழு தெய்வம் இல்லை, மனிதனுக்கு மேலே, தெய்வத்துக்குக் கீழே ஒரு படி. இடுப்பில் இரண்டு ரிவால்வர்.

ரிவால்வர் என்பது முக்கியம். கைகாக்ஸின் அந்த உலகத்தில் வெடிமருந்து வேலை செய்யாது, அது அவரே வைத்த விதி. வாளும் மந்திரமும்தான். யார் துப்பாக்கி கொண்டுவந்தாலும் அது வெறும் இரும்பு. மர்லிண்டின் கையில் மட்டும் அது வெடிக்கும். நண்பனுக்காகத் தன் உலகத்தின் விதியையே ஒரு இடத்தில் தளர்த்தி வைத்தார்.

1985இல் வந்த 'அனெர்த்ட் ஆர்க்கானா' என்ற விதிப்புத்தகத்தில் மர்லிண்டின் பெயரில் ஒரு மந்திரக் கரண்டி வருகிறது. காலிக் கிண்ணத்தில் அதைப் போட்டால் கஞ்சி நிறையும், ஒரு நாளைக்கு நாலு பேர் பசியாறலாம். ஆனால் ருசி நனைந்த அட்டை மாதிரி இருக்கும். தெய்வமாக்கிய கையோடு கேலியையும் விடவில்லை. நண்பர்கள் அப்படித்தானே.

ஆக, போனவருடைய கேரக்டருக்கு அவர்கள் செய்தது: எட்டாத உயரத்தில் வைத்தார்கள், அவருடைய ரசனையை அதில் பத்திரப்படுத்தினார்கள், அவ்வப்போது பெயரைச் சொல்லிச் சிரித்தார்கள். ஊரில் இறந்துபோன சித்தப்பாவைப் பற்றி நாம் பேசிக்கொள்வது போல.

அதே மரணம், கணக்குப் புத்தகத்தில்

இனி வருவது காமர்ஸ் படித்தவன் கண்ணுக்குப் படுவது. மேசையில் இத்தனை பக்குவமாக நடந்துகொண்ட அதே மனிதர்கள், கம்பெனியில் டான் கேயின் பங்கு என்ன ஆகும் என்பதற்கு எந்த ஏற்பாடும் செய்திருக்கவில்லை.

நம் நாட்டு 1932ஆம் வருஷத்துக் கூட்டுத்தொழில் சட்டத்தில் 42ஆம் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு கூட்டாளி இறந்தால் ஃபர்ம் கலைந்துபோகும். அதனால்தான் பார்ட்னர்ஷிப் அக்கவுண்ட் திறக்க வருபவர்களிடம் பத்திரத்தில் அந்த ஷரத்து இருக்கிறதா என்று பார்க்கிறோம். "அதெல்லாம் எதுக்கு சார், நாங்க அண்ணன் தம்பி மாதிரி" என்பார்கள். லேக் ஜெனீவாவிலும் அண்ணன் தம்பி மாதிரிதான்.

கேயின் பங்கு அவர் மனைவிக்குப் போனது. அதை வாங்க கைகாக்ஸிடம் பணம் இல்லை. 1975இல் 'டி.எஸ்.ஆர். ஹாபீஸ்' என்று புதிய கம்பெனி பதிவாகி, பழைய ஃபர்மை வாங்கிக்கொண்டது. அதற்கான முதல் பிரையன் ப்ளூமிடமிருந்தும் அவர் அப்பா மெல்வினிடமிருந்தும் வந்தது. பணம் போட்டவர் கைக்குப் பங்கு போகும். விளையாட்டை எழுதியவர் தன் கம்பெனியிலேயே சிறுபான்மைப் பங்குதாரர் ஆனார்.

பத்து வருஷம் எல்லாம் ஓடியது. 1985 அக்டோபரில் பிரையனும் அவர் சகோதரர் கெவினும் தங்கள் பங்குகளை லொரெய்ன் வில்லியம்ஸ் என்பவருக்கு விற்றார்கள். நிர்வாகம் கைமாறியது. கைகாக்ஸ் கோர்ட்டுக்குப் போனார், தோற்றார். 1986 முடிவதற்குள் கம்பெனியை விட்டே வெளியேறினார். 1975இல் ஒரு காகிதம் எழுதி வைக்காததன் விலை அது.

இப்போது விலகிப் போகிறவர் ஆட்டத்தை உண்டாக்கியவரே. அவருடைய கேரக்டர்கள்?

அவர் தன்னோடு எடுத்துப்போக முடிந்தது கொஞ்சம்தான். தன் நாவல்களின் நாயகன் கோர்ட் என்ற திருடன், அப்புறம் தன் சொந்தப் பெயரைத் திருப்பியோ கலைத்தோ உண்டாக்கிய பெயர்கள். மோர்டன்கைனன் என்று ஒரு மந்திரவாதி. கைகாக்ஸ் நடத்துபவராக இல்லாமல் தானே உட்கார்ந்து ஆடிய, அவர் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் கேரக்டர். அவன் கம்பெனியின் சொத்தாக நின்றுவிட்டான்.

கைகாக்ஸ் இதற்கு ஒரு பதில் சொன்னார். 1988இல் வெளியான 'டான்ஸ் ஆஃப் டீமன்ஸ்' என்ற நாவலின் முடிவில், கிரேஹாக் இருக்கும் அந்த உலகத்தையே அழித்துவிட்டார். அவருடைய கணக்கில் கதை அதோடு முடிந்தது. கம்பெனியின் கணக்கில் அந்த உலகம் வழக்கம்போல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரே ஊருக்கு இரண்டு லெட்ஜர், இரண்டும் டேலி ஆகாது.

டென்சரின் கொலை

1992இல் டி.எஸ்.ஆர். 'ஃப்ரம் தி ஆஷஸ்' என்ற பெயரில் கிரேஹாக் உலகத்தைப் புதுப்பித்து வெளியிட்டது. அதில் பெரிய திருப்பம் ஒன்று வைத்தார்கள். அந்த உலகத்தின் பெரிய மந்திரவாதிகள் எட்டுப் பேர் கொண்ட சபையில் ரேரி என்பவன் துரோகியாகி, சக மந்திரவாதிகள் இரண்டு பேரைக் கொல்கிறான். செத்த இருவரில் ஒருவன் டென்சர். ரேரிக்குத் துணையாக நின்றவன் ராபிலார்.

கதையாகப் படித்தால் விறுவிறுப்புதான். ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் இருந்த மனிதர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

டென்சர்: கைகாக்ஸின் மகன், சிறுவயதில் அப்பாவின் கோட்டைக்குள் முதல் ஆளாக இறங்கிய எர்னியின் கேரக்டர்.

ராபிலார்: ராப் குன்ட்ஸின் கேரக்டர். குன்ட்ஸ் 1977இலேயே டி.எஸ்.ஆரை விட்டுப் போய்விட்டவர். ராபிலார் ஒன்றும் உத்தமன் இல்லை, கோட்டைக்கு அடியில் சிறைப்பட்டிருந்த ஒன்பது குட்டித் தெய்வங்களை அவிழ்த்துவிட்ட முரடன். ஆனால் பழைய கூட்டாளிகளைக் கொல்லத் துணை போகிறவனாக அவனை யாரும் ஆடியதில்லை.

ரேரி: பிரையன் ப்ளூமின் கேரக்டர். அது ஒரு கடி ஜோக்குக்காகப் பிறந்தது. அந்தக்கால விதிகளில் மந்திரவாதிக்கு 'மீடியம்' என்று ஒரு பட்டம் உண்டு. பட்டத்தோடு சேர்த்தால் 'மீடியம் ரேரி'. அங்கே ஹோட்டலில் மாட்டுக்கறியை அரைவேக்காட்டில் கேட்பதற்கு 'மீடியம் ரேர்' என்பார்கள், அதுதான் ஜோக். ஜோக் நிறைவேறியதும் ப்ளூம் அந்த கேரக்டரைத் தொடர்ந்து ஆடவில்லை.

ஆக, பங்கை விற்ற கூட்டாளியின் கேரக்டர், வெளியேற்றப்பட்டவரின் மகனுடைய கேரக்டரைக் கொல்கிறது. உடந்தையாக, எப்போதோ வேலையை விட்டுப் போன ஒரு இளைஞனின் கேரக்டர் நிற்கிறது. 1992இல் இந்த மூன்று பேரில் ஒருவரும் அந்த மேசையில் இல்லை. டான் கேயின் மர்லிண்டுக்குக் கிடைத்த மரியாதையையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பதினேழு வருஷத்தில் என்ன மாறிவிட்டது என்று புரியும். முன்னதில், முடிவெடுத்தவர்கள் போனவரை அறிந்தவர்கள். பின்னதில் பெயர்கள் மட்டும் சரக்கு இருப்பாக இருந்தன.

பிறகு தவறைச் சரிக்கட்டவும் செய்தார்கள். 1998இல் 'ரிட்டர்ன் ஆஃப் தி எய்ட்' என்ற தொகுதியில் டென்சர் உயிரோடு திரும்பி வந்தான். 2007இல் கிரேஹாக் கோட்டையைப் பற்றிய இன்னொரு புத்தகத்தில், துரோகம் செய்தது உண்மையான ராபிலாரே இல்லை, வேறொரு உலகத்தில் இருந்து வந்து அவன் இடத்தைப் பிடித்த அவனுடைய கெட்ட பிரதி என்று எழுதினார்கள். பிரதியின் பெயர் பிலாரோ. எம்.ஜி.ஆர். இரட்டை வேடப் படம் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. ஆனாலும் பதினைந்து வருஷம் கழித்து, வேறு எழுத்தாளர்கள் உட்கார்ந்து, போனவருடைய கேரக்டரின் பெயரில் விழுந்த கறையைத் துடைக்க மெனக்கெட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

பெயரை இழந்த கரண்டி

1997இல் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' என்ற கம்பெனி டி.எஸ்.ஆரை வாங்கியது. 2000இல் அது விளையாட்டின் அடிப்படை விதிகளை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. விதிகளைத்தான், பெயர்களை இல்லை. அதனால் திறந்த பிரதியில் 'டென்சரின் மிதக்கும் தட்டு' வெறும் 'மிதக்கும் தட்டு' ஆனது. மர்லிண்டின் கரண்டி 'பசியாற்றும் கரண்டி' ஆனது. கஞ்சியின் ருசி மாறவில்லை, டான் கே மட்டும் காணாமல் போனார்.

கைகாக்ஸ் 2005இல் தன் பழைய கோட்டையை மறுபடி எழுத ஆரம்பித்தபோது அதற்கு கிரேஹாக் என்று பெயர் வைக்க முடியவில்லை. 'காஸில் ஜாகிக்' என்று வைத்தார், தன் பெயரைத் திருப்பிப் போட்டு. 2008 மார்ச்சில் இறந்தார். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2018இல், மோர்டன்கைனன் பெயரைத் தலைப்பில் தாங்கி ஒரு புத்தகம் வந்தது. 2022இல் இன்னொன்று. ஆள் போனபின்னும் கேரக்டர் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, சம்பளம் வேறு இடத்துக்குப் போகிறது.

வீட்டு மேசையில் என்ன செய்கிறார்கள்

கம்பெனிச் சண்டையை விட்டுவிடலாம். சாதாரணமாக நண்பர்கள் ஆடும் மேசையில், ஒருவர் விலகினால் பழக்கத்தில் இருக்கும் வழிகள் நாலைந்துதான்.

ஒன்று, ஓய்வு கொடுப்பது. கேரக்டர் ஊருக்குத் திரும்பினான், கல்யாணம் செய்துகொண்டான், கடை வைத்தான்.

இரண்டு, வீரமரணம். கடைசி நாளில் மற்றவர்களைத் தப்பவிட்டுத் தான் பாலத்தில் நின்று சாவான். போகிறவரே ஆடினால் இது பிரமாதமாக இருக்கும். அவர் போனபிறகு, அவரைக் கேட்காமல் செய்தால் வசூல் நடவடிக்கை மாதிரி இருக்கும்.

மூன்று, நடத்துபவர் அந்த கேரக்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்வது. கூட்டத்தோடு வருவான், அதிகம் பேச மாட்டான். இதில்தான் ஆபத்து அதிகம். கையில் இருக்கிறானே என்று கதைக்கு ஒரு துரோகி தேவைப்படும்போது அவன் தலையில் கட்டத் தோன்றும். ராபிலாருக்கு நடந்தது இதன் பெரிய வடிவம்.

நான்கு, இன்னொரு ஆட்டக்காரரிடம் ஒப்படைப்பது. ஐந்து, ஒன்றும் சொல்லாமல் விட்டுவிடுவது. அடுத்த வாரம் அவனைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். அதிகமாக நடப்பது இந்த ஐந்தாவதுதான்.

குரல் நடிகர்கள் சிலர் ஆடுவதை 2015இல் நேரலையாகக் காட்ட ஆரம்பித்த 'கிரிட்டிகல் ரோல்' என்ற நிகழ்ச்சியில் அதே வருஷம் ஒருவர் விலகினார். அவருடைய கேரக்டர் டைபீரியஸ் முதலில் தன் சொந்த ஊருக்குத் திரும்பிப் போனதாக வைத்தார்கள். பிறகு கதையில் டிராகன்கள் அந்த ஊரை அழித்தபோது, கூட்டாளிகள் போய் அவன் இறந்து கிடப்பதைக் கண்டு, எடுத்து வந்து அடக்கம் செய்தார்கள். விலகல் எந்தச் சூழலில் நடந்திருந்தாலும், கேரக்டருக்குச் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்து முடித்தார்கள்.

எங்கள் சொசைட்டியில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பிள்ளைகள் இதை ஆடுகிறார்கள், என் பையனும் ஒருவன். பாஷை பாதி இந்தி, பாதி மராத்தி, சண்டை வந்தால் இங்கிலீஷ். அதில் ஒரு பெண்ணின் அப்பாவுக்கு குவாஹாத்திக்கு மாற்றல் வந்தது. அவளுக்கு அது நாலாவது பள்ளிக்கூடம். அவளுடைய கேரக்டர் ஒரு வில்லாளி. நடத்தும் பையனுக்குப் பதினைந்து வயது. கடைசி சனிக்கிழமை அவளிடமே கேட்டான், உன் ஆள் இனி என்ன செய்யப் போகிறாள் என்று. ஆற்றுத் துறையில் படகு ஓட்டுவாள், இவர்கள் எப்போது வந்தாலும் காசு வாங்காமல் அக்கரை சேர்ப்பாள், ஆனால் சண்டைக்கு மட்டும் கூப்பிடக் கூடாது என்றாள். அதை அப்படியே அவள் தாளின் பின்பக்கம் எழுதி ஃபைலில் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு தடவை ஆற்றைக் கடந்திருக்கிறார்கள். காசு கேட்கவில்லையாம். கேட்க வேறு ஆளுக்கு உரிமை இல்லை என்பதில் ஐந்து பேருக்கும், அதாவது மிச்சம் இருக்கும் நாலு பேருக்கும், ஒரே கருத்து.

டான் கே விஷயத்தில் கைகாக்ஸ் செய்ததும் இதைத்தான். லேக் ஜெனீவா சரித்திரம் எதுவும் தெரியாமல் பிள்ளைகள் அங்கே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

பாங்க் பாஷையில் சொன்னால்

இரண்டு வருஷத்துக்கு மேல் வாடிக்கையாளர் வரவு செலவு ஏதும் செய்யாத கணக்கை இயங்காத கணக்கு என்று ஒதுக்கி வைக்கிறோம். அதற்காக அதில் உள்ள பணம் பாங்க்கின் பணம் ஆகிவிடாது. சேமிப்புக் கணக்கு என்றால் வட்டிகூட ஏறிக்கொண்டே இருக்கும். பத்து வருஷம் ஆனால் 2014இல் ரிசர்வ் வங்கி ஏற்படுத்திய நிதிக்குப் போகும். அப்போதும் உரியவரோ வாரிசோ வந்து கேட்டால் கொடுத்தாக வேண்டும். அதேபோல நாமினி என்பவர் சொந்தக்காரர் இல்லை. வாங்கி, உரியவர்களுக்குச் சேர்க்க வேண்டியவர். இதை வாரம் ஒருமுறையாவது யாருக்காவது விளக்கிக்கொண்டிருக்கிறேன்.

விலகிப் போனவரின் கேரக்டரும் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். மேசையில் இருப்பவர்கள் நாமினிகள். பத்திரமாக வைக்கலாம், பெயரைச் சொல்லலாம், கேலி செய்யலாம், கோயில் கட்டலாம். அந்த ஆள் செய்யவே மாட்டான் என்று தெரிந்ததை அவன் பெயரில் செய்யக் கூடாது. அது கணக்கில் கை வைப்பது.

நம்மில் பலர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டுகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம், பாஷை, நண்பர்கள் எல்லாவற்றையும் நம்மால் விட்டுவிட்டு வருகிறார்கள். இப்படி ஒரு மேசையையும் விட்டு வர நேர்ந்தால், பேக்கர்ஸ் வருவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கிக் கொடுங்கள். போகும் பிள்ளை அந்தத் தாளின் பின்னால் மூன்று வரி எழுதட்டும்: என் ஆள் இப்போது எங்கே இருக்கிறான், அவனிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக் கூடாது. கீழே இரண்டு கையெழுத்து, போகிறவர் ஒன்று, நடத்துபவர் ஒன்று. ஒரு ஜெராக்ஸ் கூடவே எடுத்துக்கொண்டு வரட்டும், புது ஊரில் வேறு மேசை கிடைக்கும்போது காட்ட உதவும்.